அநர்த்ததண்ட விரதமும் நம் வண்டிகளும்



நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் நம் இல்லங்களில் எவரும் கற்பிக்க வேண்டாத பழக்கங்கள். வடிதுணி எதற்கு என்று கேட்டால், நீரில் வாழும் உயிர்களைக் காப்பதற்கு என்று ஐந்து வயதுக் குழந்தையும் விடை கூறும். அப்பா செருப்பணிந்து வரும்வரை வாசலில் கார் ஏன் உறுமிக்கொண்டு நிற்கிறது என்று அதே குழந்தையைக் கேட்டால் விடை வராது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்றுக்கொடுத்த பாடம். வடிதுணியிலிருந்தே தொடங்குவோம்.

இல்லறத்தாருக்குரிய பன்னிரு விரதங்களுள் குணவிரதங்கள் மூன்று. சமந்தபத்திராசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் திக்விரதத்தை முதலிலும், அநர்த்ததண்ட விரதத்தை அதனை அடுத்தும் வைத்தார். அநர்த்ததண்டமாவது பயனேதுமின்றி உயிர்களுக்குத் தீங்கு செய்தல். அதன் ஐந்து வகைகளுள் பிரமாதசரியை என்பதும் ஒன்று. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், நெருப்பை மூட்டுதல், காற்றைக் கலக்குதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, வீணே அலைதலையும், பிறரை வீணே அலையச் செய்தலையும் ஆசாரியர் அதில் சேர்த்தார். இயந்திரம் என்பதே ஓடாத காலத்தில் எழுதிய நூல் இது!

காரின் இயந்திரத்தில் நடப்பது என்ன? பெட்ரோலும் காற்றும் கலந்து தீப்பற்றுகின்றன. தேயுகாயிக உயிர்களும் வாயுகாயிக உயிர்களும் ஒருங்கே துன்புறும் இடம் அது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ. காற்றிலுள்ள பிராணவாயு உடன் சேர்வதால் எடை கூடுகிறது. அவ்வாயுவே உலகின் வெப்பத்தை ஏற்றுவது.

அவ்வாறாயின் வண்டியே கூடாதா என்று சிலர் கேட்கலாம். இல்லறத்தார் ஆரம்பத்தை அறவே நீக்க இயலாது. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், தொழில்முறையில் ஊர் செல்வதும் பயனுடையனவே. ஆனால் ஒரே பயணத்தினுள் பயனுள்ளதும் பயனற்றதும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் வடிதுணிதான் நமக்கு வேண்டும்.

சென்னையிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 72 நிமிடம் ஆகும். 75 கிலோமீட்டர் வேகத்தில் 96 நிமிடம். வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி பெருகுவதால், இந்த 24 நிமிடத்தைச் சேமிக்க முக்கால் பங்குக்கும் மேற்பட்ட கூடுதல் எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருக்கிறது. அதற்கான எரிபொருள் முழுவதும் நம் அவசரத்துக்கு இட்ட நெருப்பு. முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தும் விரைந்து சென்று பிரேக்கை அழுத்துவதும் இத்தகையதே. எரித்துப் பெற்ற வேகம் பிரேக்கில் வெப்பமாய் வீணாகிறது. ஈர்யா சமிதியில் நிற்கும் முனிவர் நான்கு முழம் முன்நோக்கி அடிவைப்பார். வண்டியோட்டுபவர் நூறு கெஜமேனும் முன்நோக்கினால் பாதி பிரேக் தேவைப்படாது. பத்து விநாடிக்கு மேல் நிற்க நேர்ந்தால் இயந்திரத்தை அணைத்துவிடுவதே நன்று. மீண்டும் இயக்கச் செலவாவது அதனினும் குறைவு. சக்கரங்களில் காற்று குறைந்தாலும் எரிபொருள் கூடுதலாகும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பிறரை அலையச் செய்தல் என்றோமே, அதில் அடுக்களையிலிருந்து ஆணையிடுவோருக்கே பொறுப்பு மிகுதி. காலையில் கறிவேப்பிலைக்கு ஒருமுறை, அரைமணி கழித்துத் தயிருக்கு ஒருமுறை என்று பிள்ளையை ஸ்கூட்டரில் விரட்டுகிறோம். பிள்ளை ஊரில் இல்லையெனில் தொலைபேசியைத் தட்டி யாரோ பெற்ற பிள்ளையை விரட்டுகிறோம். ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்து, தெருமுனைக்கு நடந்து சென்று வாங்கினால் உடலுக்கும் நலம்.

திக்விரதம் ஏற்றவர் இத்திசையில் இவ்வளவே செல்வேன் என்று ஆயுளுக்கும் எல்லை வகுப்பார். அவ்வெல்லைக்கு அப்பால் அவருடைய அணுவிரதம் மகாவிரதத்துக்கு ஒப்பாகும் என்கிறது நூல். போகாத இடத்தில் ஓர் உயிருக்கும் நம்மால் துன்பமில்லை அல்லவா? அவ்வாறு வகுத்த எல்லையைக் குறித்த காலத்துக்கு மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். சாதுர்மாசத்தின் நான்கு மாதங்களில் முனிவர் ஓரிடத்தில் தங்குகிறார். அந்நான்கு மாதங்களுக்கேனும் நம் வண்டிக்கு மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குடும்பத்தார் கூடி நியமம் எடுக்கலாம். வகுத்த எல்லையை மறப்பது திக்விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. நம் வண்டியிலோ கடந்த தூரத்தைக் காட்டும் எண்கள் கண்முன்னே இருக்கின்றன. மாத முதல் நாளில் அதைக் குறித்து வைக்கும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். அவர்கள் நம்மைத் தப்பவிடமாட்டார்கள்.

மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்குக் காரொன்றுக்கு இருவராக நாம் சென்று இறங்கும் காட்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முனிவர்கள் கால்நடையாகவே விகாரம் செய்கிறார்கள். அது நம்மால் ஆகாது; மூட்டுவலியோடு வாழும் எம் வயதினருக்கு வாசல்வரை வண்டி வேண்டும். ஆகவே அடுத்த திருவிழாவுக்கு, அருகருகே வாழும் நான்கு குடும்பத்தார் முன்கூட்டியே கலந்து பேசி ஒரே வேனை அமர்த்துங்கள். முதியோரை முதலில் ஏற்றுங்கள். இடம் போதாவிடில் இளைஞர்கள் திண்டிவனம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் வந்து சேரட்டும்.