விசாரிப்பது அவமதிப்பா?

கூஃபாவின் ஆளுநர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மீது அவ்வூரார் முறையிட்டனர். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர் அவர்! ஆயினும் உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஆளனுப்பி, பள்ளி பள்ளியாக விசாரிக்கச் செய்தார்கள். ஒரு பள்ளியில் ஒருவர் குறை சொன்னார், ஏனையோர் புகழ்ந்தனர்.

நாமோ காவலர் மீதான புகாரைக் காவலரிடமே கொடுத்துப் பழகியவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மாநிலப் புகார் ஆணையம் வேண்டுமென 2006-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. தமிழகத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரையும் உறுப்பினராக்கிற்று.

வெளியார் விசாரித்தால் காவலரின் மனவுறுதி குலையுமாம். விசாரிக்கப்பட்ட ஸஅத் (ரலி) அவர்களைத்தாம், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவருள் ஒருவராக உமர் (ரலி) அவர்கள் பின்னர் நியமித்தார்கள். குற்றமற்ற காவலருக்கோ, தம் துறையாரே தரும் நற்சான்றை ஊர் நம்புவதில்லை.