கரையேறாதவர் மீதான அன்பு

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை முடிக்கும் பவுல், சாவு, வாழ்வு, உயரம், ஆழம் என ஒவ்வொன்றாக அடுக்கி, கிறிஸ்துவில் வெளிப்பட்ட கடவுளன்பிலிருந்து மனிதரைப் பிரிக்கும் வலிமை அவற்றுள் எதற்கும் இல்லை என்கிறார். அவர் ஆளும் 'அகாப்பே' என்ற கிரேக்கச் சொல், பெறுபவரின் தகுதியை எதிர்பாராமல் சுரக்கும் அன்பைக் கிறிஸ்தவ வழக்கில் குறிக்கும். எபிரேய மறைநூலின் 'ஹெசெத்' என்ற சொல்லோ, மறுதரப்பு உடன்படிக்கையை மீறிய பின்னும் விட்டுவிடாத பற்றுறுதியைச் சுட்டும். 1740-இல் கீர்நாந்தர் என்ற மிஷனரி கடலூரில் ஊழியம் தொடங்கிய காலத்திலிருந்தே இக்கரையில் போதிக்கப்பட்டுவரும் இந்தப் போதனை, 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடுமையான கேள்விக்கு உள்ளானது.

அன்று கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்புக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. படகின்றி வெளியேற வழியில்லை, ஏறி நிற்க மேடும் இல்லை. அதே வட்டாரத்தில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் அமைந்த ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பியதை, இம்மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் வெளியான அறிவியல் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. யார் பிழைத்தார் என்பதில் மரங்களுக்கும் மேட்டுக்கும் தூரத்துக்கும் பெரும்பங்கு இருந்தது. அப்படியிருக்க, பிழைத்த ஒருவர், கடவுள் தம்மை நேசித்ததால் காத்தார் என்று சொல்வது அறமாகுமா?

நடுங்கும் உதடுகளிலிருந்து வரும் நன்றியைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே சொல் பிரசங்க மேடையேறி உபதேசமாகும்போது, மாண்ட குழந்தை நேசிக்கப்படவில்லை என்ற தீர்ப்பையும், யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், உடன் சுமந்து வருகிறது.

அன்பை மீட்பாகக் காணும் மரபும் இக்கரைக்கு அந்நியமன்று. பல்லவ மன்னன் ஆணையால் கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட அப்பர், அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரை அடைந்தார் என்பது பெரியபுராணம் போற்றும் வரலாறு. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயரே அந்நினைவைச் சுமக்கிறது. பவுலும் மும்முறை கப்பற்சேதத்தில் சிக்கி, ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்தவர்தாம். எனினும் அவர் தாம் தப்பியதை அன்பின் அளவுகோலாக்கவில்லை. பசியும் வாளும் விசுவாசியை விட்டுவைக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. அவர் நம்பிய கிறிஸ்துவே சிலுவையிலிருந்து இறக்கிக் காப்பாற்றப்படவில்லையே.

காப்பாற்றாத அன்பால் என்ன பயன் என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. காப்பாற்றாவிட்டாலும் துன்பத்தில் கடவுள் உடனிருக்கிறார் என்ற விடையும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அவசரமாகச் சொல்லப்பட்டால் கொடுமையாகிவிடும். பெரும்பாலான புலம்பல் பாடல்கள் இறுதியில் துதியாகத் திரும்ப, 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஒரு வரியையும் அதில் ஒட்டவில்லை. துக்க வீட்டுக்குச் செல்லும் போதகர், உரோமையர் எட்டாம் அதிகாரத்தைத் திறக்குமுன் அந்தச் சங்கீதத்தின் பக்கத்தில் சற்று நேரம் தங்கலாம்.