ஊர் கேட்காத கடை

கிங்ஸ்ரன் வீதியில், கார் திருத்தும் கூடம் ஒன்றுக்கும் சலவைக்கடை ஒன்றுக்கும் இடையே ஒடுங்கி நிற்கும் ஒரு மீன்பொரியல் கடைக்கு, நாற்பது வருஷத்துக்குச் சற்றே குறைந்த காலமாக, மாதம் ஒருமுறையேனும் போய்வருகிறேன். இதைக் கேட்கும் நண்பர்கள் எல்லோரும், அந்தக் கடையின் பண்டம் அவ்வளவு விசேஷமானதா என்று ஒரே மாதிரியாகவே விசாரிக்கிறார்கள். அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மீன் நன்றாகவே இருக்கும். ஆனால் பருத்தித்துறைக் கரையில் விடியற்காலையில் வாங்கிய விளைமீனைப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்து உண்டு வளர்ந்த நாக்குக்கு, மாவில் தோய்த்துப் பொரித்த ஹலிபட் ஒருநாளும் ஈடாகாது. ருசிக்காகப் போகவில்லையென்றால் பின் எதற்காகப் போகிறேன் என்ற அற்பக் கேள்வியைச் சில மாதங்களாக மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரொறன்ரோ நகரத்துக்குக் கடல் கிடையாது. எதிர்க்கரை தெரியாத ஒன்ராறியோ ஏரியைப் பார்த்துக் கடலென்று மயங்கி, கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும் ஸ்காபரோ என்ற பெயர் கடற்கரையிலிருந்து வந்த பெயர்தான். 1793-இல், மேல் கனடாவின் முதல் துணை ஆளுநராக இருந்த ஜான் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், ஏரியின் ஓரத்தில் சுவர்போல எழுந்து நிற்கும் வெண்மண் மேடுகளைப் பார்த்து, இங்கிலாந்தில் யோர்க்ஷயர்க் கரையிலுள்ள ஸ்காபரோப் பட்டினத்தை நினைத்துக்கொண்டு, அந்த நாமத்தையே இந்த நிலத்துக்கும் சூட்டிவிட்டாள். பின்னால் வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் அந்தப் பட்டினத்தின் ஆகாரத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் சிறு கடைகள் நகரமெங்கும் தோன்றின. மவுண்ட் பிளசன்ட் வீதியில் 1950-இல் ஆரம்பித்த பென்ரோஸ் போன்ற கடைகள் அந்தப் பரம்பரையில் பேர்பெற்றவை. என்னுடைய கடை பேர்பெற்றதன்று. அதன் பெயரை இங்கே எழுதப் போவதுமில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கிங்ஸ்ரன் வீதி ஒருகாலத்தில் கிழக்கே மொன்றியலை நோக்கிச் செல்லும் இரண்டாம் இலக்க நெடுஞ்சாலையாக இருந்தது. அந்தப் போக்குவரத்தை நம்பி இருபுறமும் மோட்டல்கள் எழுந்தன. 1950-களில் 401 என்னும் பெருஞ்சாலை வடக்கே திறந்தபின், பிரயாணிகள் அந்தப் பக்கம் போய்விட, மோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பிரயாணிகள் கைவிட்ட அந்த அறைகளில், 1980-களில், போக்கிடமற்றவர்கள் வந்து தங்கினார்கள். 1987-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், நாலுபேர் படுக்கும் அவ்வித அறையொன்றில், என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் குருநகர்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கடற்றொழில் செய்தவர், அண்ணை என்றே அவரைக் கடைசிவரையில் அழைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு, "தம்பி, வாரும். எதிர்ப்பக்கம் மீன் பொரிக்கிற மணம் வருகுது. இண்டைக்கு வெள்ளி, இறைச்சி தொடக்கூடாது, மீன்தான்" என்றார். அவர் கத்தோலிக்கர், வெள்ளியில் இறைச்சியை விலக்குவது அவருடைய விரதம். கனடாவின் ஆயர்கள் 1966-இலேயே அந்த நியமத்தைத் தளர்த்திவிட்டார்கள் என்ற சமாசாரம் குருநகர் வரையில் எட்டவில்லைபோலும், அல்லது எட்டியும் அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கோ வெள்ளிக்கிழமை என்றால் மச்சமே ஆகாது. ஒரே நாளின் புனிதத்தை முன்னிட்டு அவர் மீன் தின்ன வேண்டும், நான் மீன் தின்னக்கூடாது. "சரி, நீர் கிழங்கைத் தின்னும்" என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார். அப்படியே கிழங்கு மட்டும் தின்று விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். அந்தக் கிழங்கு மாட்டுக்கொழுப்பில் பொரிந்தது என்பது எனக்குத் தெரியவந்தது இரண்டு வருஷம் கழித்து. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் இந்த விஷயத்தை நான் சேர்க்கவில்லை.

அன்று மேடைக்குப் பின்னால் நின்ற கிழவர் இங்கிலாந்துக்காரர். பனியில் நனைந்த எங்கள் சப்பாத்துகளையும், தர்மத்துக்குக் கிடைத்த, அளவு பொருந்தாத கோட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார். ஹலிபட்டா, ஹடக்கா என்று கேட்டார். பிறகு உப்பா, வினிகரா, இரண்டுமா என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணை மீனைப் பிட்டுப் பார்த்து, "பாவம், இந்தக் குளிருக்கு மீனுக்கும் ஒரு கோட்டுப் போட்டிருக்கிறாங்கள்" என்றார். வந்திறங்கிய நாள்முதல் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்பொழுதுதான்.

அந்தக் காலத்தில் கேள்விகளே எங்கள் ஜீவியமாக இருந்தன. விமான நிலையத்தில் கேட்டார்கள், குடிவரவு அலுவலகத்தில் கேட்டார்கள், வக்கீல் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் கேட்டார், எந்தத் திகதி, எந்த முகாம், எத்தனை பேர், உன் தம்பி எங்கே நின்றான் என்று கேட்டதையே திருப்பிக் கேட்டார்கள். இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. 1985 ஏப்ரல் 4-ஆம் திகதி, சிங் வழக்கு என்று வழங்கும் வழக்கில், அகதி என்று வந்து நிற்பவனுடைய கூற்றை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திராவிட்டால், என்னைப் போன்றவர்களின் கதி காகிதத்தோடு முடிந்திருக்கும். கேட்கப்படுவது எங்களுக்கு உரிமையாகக் கிடைத்தது. 1989 ஜனவரியில் இதற்கென்று புதிய சபையே அமைந்தது. அதற்குமுன் வந்து தேங்கிப்போனவர்களின் நீண்ட வரிசையில் நான் காத்திருந்தேன். ஆனால் உரிமையென்றாலும் தன் துக்கத்தையே தன் அத்தாட்சிப் பத்திரமாகத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு கட்டத்தில், அந்தத் துக்கம் யாரோ ஒருவனுக்கு நிகழ்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. அப்படி மரத்துப்போன மாலைகளில், உப்பா வினிகரா என்ற கேள்வி எனக்கு எத்தகைய ஆறுதலாயிருந்தது என்பதை விவரிக்க இயலாது. எந்தப் பதில் சொன்னாலும் அது நம்பப்பட்டது.

நம்முடைய உபசாரம் இப்படிப்பட்டதன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. வாசலில் வந்தவனை உட்காரவைத்து, எந்த ஊர், ஆற்றை மகன், அம்மா எந்தப் பகுதி என்று விசாரித்து, எங்கேயாவது ஓர் உறவு முடிச்சைக் கண்டுபிடித்தபின்தான் நமக்குச் சோறு போடவே மனம் நிறைகிறது. அதன் மதுரத்தை நான் மறுக்கவில்லை. கோடையில் இங்குள்ள பூங்காக்களில் நம்மவர்கள் பெரிய அண்டாவில் ஒடியற்கூழ் காய்ச்சி, நண்டும் இறாலும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கும்போது, ஊர் கேட்காமல் எவரும் கூழ் தருவதில்லை. கேட்பதிலேயே பாதி ருசி.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை நம்மவர் எழுத்தில் அடிக்கடி காண்பதில்லை. எந்த இடம் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவன் கேட்டால், பல சமயங்களில் அவன் அறிய விரும்புவது இடத்தை அல்ல. என் சிறுவயதில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேத்தண்ணிக் கடைகளின் உள்ளே ஆசனம் இல்லை. வெளியே நின்று, அவர்களுக்கென்று ஒதுக்கிய ஏனத்தில் குடிக்க வேண்டும். 1957-இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் வந்தது; சட்டம் வந்த பிறகும் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் ஒவ்வொரு கடையாகத் தேநீர்க்கடைப் பிரவேசம் நடத்தித்தான் அந்தக் கதவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. எங்கள் சந்தியிலிருந்த கடையில் வாங்கில் அமர்ந்து வடை தின்ற சிறுவன் நான்; வெளியே நின்றவர்களை அன்று ஒரு காட்சியாகவே பார்த்தேன், ஒரு கேள்வியாகப் பார்க்கவில்லை. கிங்ஸ்ரன் வீதிக் கடையில், பக்கத்து மேசையில் லொறி ஓட்டுபவனும், தாதியும், தெருவில் படுப்பவனும் ஒரே காகிதத்தில் ஒரே மீனைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாலையில்தான், சந்திக்கடையின் வாசல் எனக்கு முதன்முறையாக உள்ளபடி தெரிந்தது.

இந்த நகரத்தில் கடலுணவுக்கென்று மகா ஆடம்பரமான ஒரு ஸ்தாபனமும் இருந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து குடியேறிய ஜான் லெட்னிக் என்பவர், உலகத்திலேயே மிக நீளமான வீதி என்று ஒருகாலத்தில் பெருமை பேசப்பட்ட யங் வீதி ஏரியில் போய் முடியும் இடத்தில், 1970-இல், நோர்மாக் என்ற பழைய கப்பலில் உணவுச்சாலை ஒன்றைத் திறந்தார். 1975-இல் ஜட்ரான் என்ற பெரிய பிரயாணிக் கப்பலைத் தம் தாய்நாட்டிலிருந்தே வாங்கி வந்தார். 1981-இல், தீவுக்கு ஆளேற்றிச் செல்லும் ட்ரில்லியம் என்ற நீராவிப் படகு மோதி நோர்மாக் மூழ்கிற்று. ஜட்ரான் மட்டும் 2012 வரையில் கப்டன் ஜான்ஸ் என்ற பெயரில் நடந்து, மூடப்பட்டு, 2015 மே மாதத்தில் உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்டது. என் மனைவி வந்துசேர்ந்த வருஷம், அவளுக்கு நகரத்தின் சிறப்பைக் காட்டவென்று, கடன்பட்ட காசோடு அங்கே ஒருமுறை கூட்டிப் போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்கி இறால் வந்தது, வெள்ளைத்துணி விரித்த மேசை வந்தது. ஆனால் வந்திருக்கிறோம் என்ற பிரக்ஞை எங்களை விட்டு ஒரு நிமிஷமும் அகலவில்லை. அந்தக் கப்பல் போன அன்று கரையில் ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள், பத்திரிகைகள் எழுதின. என் கடை நாளைக்கு மூடினால் எவரும் எழுதமாட்டார்கள்.

கனடாவிலேயே பிறந்து வளர்ந்த என் மகளிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். "அப்பா, அது மரியாதை இல்லை. நீங்கள் ஆரெண்டு அறிய அவைக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான்" என்றாள். இதற்கு உடனே விடைசொல்ல எனக்கு இயலவில்லை. அண்ணையிடம் கேட்டேன்; அவர் வேறொரு கதை சொன்னார். 1986 ஆகஸ்ட் மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் 155 தமிழர்கள் மிதந்து கிடந்தபோது, அவர்களைக் கண்டு ஏற்றியவர்கள் கஸ் டால்டன் என்ற கப்டனும் அவரைப் போன்ற மீன்பிடிகாரர்களும்தான். "கடலிலை ஆள் கிடந்தால் தூக்கிறது. ஊர் பேர் கரையிலை வந்து கேட்கலாம்" என்றார் அண்ணை. கரையில் வந்தபின் கேட்கத்தான் செய்தார்கள், கடுமையாகவே கேட்டார்கள். ஆறு வருஷம் கழித்து, 1992 ஜூலை 2-ஆம் திகதி, கொட் மீன் வற்றிப்போனதால் அந்தக் கடலையே அரசாங்கம் மூடியது. முப்பதினாயிரம் பேருக்குத் தொழில் போயிற்று. அந்தச் செய்தியைக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணை, மீனைப் பாதியில் வைத்துவிட்டார். "எங்கட கடலை நேவி அடைச்சான். அவங்கட கடலை மீனே அடைச்சிட்டுது" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆங்கிலக் கிழவர் பிற்பாடு கடையை ஒரு சீனத் தம்பதிக்கு விற்றார். எண்ணெய் மாறிற்று, விலை ஏறிற்று. நாற்காலிகளும் கேள்வியும் அப்படியே இருந்தன. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தவுடன் இரண்டு ஹலிபட் என்று உள்ளே குரல் கொடுப்பாள். சென்ற வருஷம் அண்ணை காலமானார். அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து நான் தனியே போனேன். அம்மாள் வாசலைப் பார்த்தாள், பின் என்னைப் பார்த்து, "இன்றைக்கு ஒன்றுதானா?" என்றாள். ஒன்றுதான் என்றேன். உப்பா, வினிகரா, இரண்டுமா என்றாள்.

அவள் கேட்டிருக்கலாமே என்று அன்று எனக்குத் தோன்றிற்று; இப்பொழுதும் தோன்றுகிறது. கேட்காமல் விடுவதன் கௌரவத்தை இத்தனை பக்கம் புகழ்ந்து எழுதியவன், அந்த ஒரு மாலையில், எவராவது ஊரும் பேரும் கேட்டு, குருநகரா, ஆற்றை ஆள், என்ன வருத்தம் என்று விசாரிக்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு, ஆறிப்போன மீனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் சொன்னது சரியாக இருக்கலாம். அடுத்த மாதமும் போனேன், அதற்கடுத்த மாதமும் போனேன்.

ஸ்காபரோப் பக்கம் வருகிறவர்கள் எவரும் இத்தகைய கடைகளைக் கண்டால் ஒருமுறை நுழைந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பெரிய வெள்ளியன்று கேட்கவே வேண்டாம். திங்கட்கிழமை என் கடை பூட்டு. செவ்வாயில் நம்மவர் பலர் மச்சம் தொடுவதில்லை. புதன்கிழமை போங்கள்.