சொன்னவர் இல்லாத சொல்

ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்க'ளில், லகாடோ நகரத்து அறிஞர் கழகத்தில் ஒரு பொறி நிற்கிறது. இருபது அடிச் சதுரச் சட்டத்தில் கம்பிகளால் கோத்த மரக்கட்டைகள். அவற்றின் மேல் ஒட்டிய தாள்களில் அந்நாட்டு மொழியின் சொற்கள் அத்தனையும். மாணவர்கள் 40 கைப்பிடிகளைத் திருப்பத் திருப்பச் சொற்கள் இடம் மாறும். மூன்று நான்கு சொற்கள் பொருந்தி வந்தால் எழுதிக்கொள்வார்கள். படிப்பே இல்லாதவரும் இதைக்கொண்டு கவிதை, சட்டம், கணிதம், இறையியல் நூல்களை எழுதிவிடலாம் என்கிறார் அதன் பேராசிரியர். பட்டியலில் இறையியல் சேர்ந்திருப்பது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. ஸ்விஃப்ட் டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு. எதையும் நம்பாத ஒன்று இறைவனைப் பற்றி எழுதினால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அவருடைய தொழிலின் அடிக்கேள்வி.

இக்கேள்வியை நம் தருக்க மரபு நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. நியாய நூலாருக்குச் சொல் பிரமாணமாவது, அதாவது அறிவுக்கு நம்பத்தக்க வழியாவது, அது ஆப்தர் கூற்றாக இருக்கும்போதுதான். பொருளை உள்ளபடி அறிந்தவர், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவர் எவரோ அவரே ஆப்தர் என்கிறார் நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். அறிவோடு விருப்பத்தையும் அவர் சேர்த்தது ஆழமான செயல். பொறி தரும் வாக்கியம் உண்மையாகவே அமைந்துவிடலாம். ஆனால் அந்த உண்மை நம்மை வந்தடைய வேண்டுமென்று அங்கே யாரும் விரும்பவில்லை.

மீமாம்சகர் இதை மறுப்பார்கள். வேதத்துக்கு ஆக்கியோன் இல்லை, அதனாலேயே அதில் குற்றமில்லை என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் ஆளில்லாத எழுத்தே தூயது ஆகாதா? வலிமையான தடைதான். ஆனால் மீமாம்சகரான குமாரிலர் வேதத்துக்கு விலக்குத் தருவது, அது ஆக்கப்படவே இல்லை, என்றும் உள்ளது என்பதால். மனிதர் வாக்கில் குற்றமும் குணமும் சொல்பவரைச் சார்ந்தவை என்றே அவரும் கொள்கிறார். லகாடோவின் நூல் ஆக்கப்பட்டது, ஆக்கியவர் பொறுப்பேற்காதது. அதற்கு அந்த விலக்குக் கிடைக்காது.

வாசகரே பொருளைப் படைக்கிறார், எழுதியவர் எதற்கு என்று கேட்பவர்கள் நாட்டுப்புறப் பாடல்களைக் காட்டுவார்கள். பெயர் தெரியாமல் போவது வேறு, ஆளே இல்லாமலிருப்பது வேறு. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இயற்பெயர் மறைந்துபோன புலவரை அவருடைய பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தார்கள். எழுத்துக்குப் பின்னே ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு நவீன அங்கதக் கதைகளும் சான்று தருகின்றன. ஃபிரிட்ஸ் லைபரின் ஒரு நாவலில் நாவல்களை இயந்திரங்கள் எழுதித் தள்ளுகின்றன. ஆனாலும் பின்னட்டைக்கு எழுத்தாளர் என்று ஒருவரின் படம் வேண்டியிருக்கிறது. ரோல்ட் டாலின் 1953 சிறுகதையில் கதை எழுதும் இயந்திரத்தைச் செய்தவன் எல்லாப் பத்திரிகைகளையும் நிரப்ப வல்லவன். இருந்தும் எழுத்தாளர்களைத் தேடிப்போய், இனி எழுதுவதில்லை என்று ஒப்பந்தம் வாங்கி, அவர்கள் பெயரை விலைக்குப் பெறுகிறான். நடையையும் கதைப்பின்னலையும் இயந்திரத்தால் செய்துகொள்ள முடிந்தது. அதற்குக் கிட்டாதது, இதைச் சொன்னவன் நான் என்று நிற்கும் ஓர் ஆள். கதையின் கடைசியில், பசித்த பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே, கையெழுத்திடாதிருக்கும் வலிமையை ஓர் எழுத்தாளர் இறைவனிடம் கேட்கிறார்.