நாற்பது வெள்ளி

2019ல் அப்பாவின் கிட்டாரை 40 வெள்ளிக்கு விற்றேன். ஃபேரர் பார்க் எம்ஆர்டி வாசலில் ஒரு மலாய்க்காரர் தன் சின்ன மகளோடு வந்து வாங்கிக்கொண்டு போனார். நான் கேட்டது 50, பேரம் 40ல் முடிந்தது. கையிலிருந்த பணத்தையும் சேர்த்து அடுத்த நாளே ஒரு ஓவர்டிரைவ் பெடல் வாங்கினேன். அந்தப் பெடலும் இப்போது இல்லை, அதையும் விற்றாயிற்று.

விற்பதற்கு முன் அப்பாவிடம் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வருஷம் நான் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு இதுதான். "அப்பா, இந்தப் பழைய கிட்டாரைக் கேரசெல்ல போட்டுடவா?" அவர் வசந்தத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம் தம்பி." அனுமதி கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் எழுதினேன்: ஒரு கம்பி இல்லை, பின்புறம் கீறல், வீட்டில் யாரும் வாசிப்பதில்லை.

அது ஒரு காப்போக் கிட்டார். சீனாவில், குவாங்சோவில் செய்தது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிட்டார் பழகிய நிறைய பேருக்கு முதல் கிட்டார் அதுதான். விலை மலிவு, கம்பி உயரத்தில் நிற்கும், விரல் புண்ணாகும். காப்போக் என்றால் இலவம். இங்கே இலவு காத்த கிளியை ஒரு வரி இழுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கிளி பாவம், காத்துக்கொண்டாவது இருந்தது. அப்பா இதை 1989ல் சுங்கை ரோடு சந்தையில் 25 வெள்ளிக்கு வாங்கினாராம், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம்தான். பழைய ரேடியோ, கைக்கடிகாரம், செருப்பு என்று தார்ப்பாய் மேல் பரப்பிவைத்து விற்பார்கள். அந்தச் சந்தையும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

விற்ற பிறகு நான்கைந்து வருஷம் எனக்கு எந்த வருத்தமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நினைவே வரவில்லை.

போன வருஷம் பெரியப்பா பேரனுக்குப் பிறந்தநாள். புளோக்குக்குக் கீழே மேசை போட்டு பிரியாணி. பையன்களில் ஒருவன் கிட்டார் கொண்டுவந்திருந்தான். பெரியப்பா அதைப் பிடுங்கி அப்பா மடியில் வைத்து, "வாசிடா, ரொம்ப நாளாச்சு" என்றார். அப்பா கூச்சப்பட்டார். பிறகு காதை மரத்தில் ஒட்டவைத்துச் சுருதி சேர்த்தார், ஃபோனில் ட்யூனர் எதுவும் பார்க்காமல். ராஜா பாட்டு ஒன்றின் இடையிசையை அப்படியே வாசித்தார். ஒரு இடத்தில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, இரண்டாவது முறை சரியாக முடித்தார்.

எனக்கு அப்போது 27 வயது. அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. இத்தனைக்கும் வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'மியூசிக் பைத்தியம்' என்று பெயர் வாங்கியவன் நான்.

அன்றிரவு காரில் கேட்டேன். "அப்பா, கிட்டார வித்ததுல உங்களுக்கு வருத்தமா?"

சிரித்தார். "வித்தது நீ. நான் எதுக்கு வருத்தப்படணும்? கம்பி அறுந்து எட்டு வருஷம் கெடந்துச்சே, நான் போய் ஒரு கம்பி வாங்கிப் போட்டனா?"

மன்னிப்புகூடக் கேட்க விடவில்லை மனிதர். பொருளுக்குச் சொந்தக்காரருக்கே வருத்தமில்லை. அப்படியானால் என்னிடம் இருக்கிற இந்த வருத்தம் யாருடையது, எதைப் பற்றியது?

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகளுக்கு வெளியே நின்றால் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழும். "அன்னைக்கு அதைக் குடுத்திருக்கவே கூடாது ப்ரோ, இப்ப என்ன வெலை போகுது தெரியுமா?" நானும் புலம்பியிருக்கிறேன். அது வருத்தத்தின் உடுப்பைப் போட்ட கணக்கு. விலை இறங்கியிருந்தால் அதே ஆள் அதே விற்பனையைப் புத்திசாலித்தனம் என்பான். காப்போக்குக்கு எந்தக் காலத்திலும் அப்படி விலை ஏறப்போவதில்லை, ஆகவே என்னுடையது அந்தக் கணக்கு இல்லை.

இழப்பும் இல்லை. பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகி அவரிடமே திரும்பி வந்துவிட்டது. அந்த ஐம்பது வருஷமும் அவர் ஏங்கியிருக்கலாம், ஆனால் 'ஏன் அப்படிச் செய்தேன்' என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் எதையும் செய்யவில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976ல் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதினார். தன் தப்பு எதுவுமில்லாமலே ஒரு குழந்தையின் மேல் லாரியை ஏற்றிவிட்டவர். பார்த்தவர்களுக்கும் வேதனை இருக்கும், ஓட்டுநரின் வேதனையோ வேறு ஜாதி. 'உன் மேல தப்பில்லப்பா' என்று நாம் அவரைத் தேற்றத்தான் செய்வோம். ஆனால் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். 40 வெள்ளி கிட்டாருக்கு லாரி விபத்தை இழுப்பது அதிகப்படிதான். ஆனாலும் 'வித்தது நீ' என்று அப்பா சிரித்தபடி சொன்னதும் இதுவும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. செய்தவனின் வருத்தத்தை வேறு யாரும் தள்ளுபடி செய்ய முடியாது, பாதிக்கப்பட்டவரே முன்வந்தாலும்.

இதற்காக, விற்பதே பாவம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆர்.கே. சேகர் 1976ல் இறந்தபோது மகன் ரஹ்மானுக்கு 9 வயது. அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு ஓடியது. விற்றுவிட்டு வட்டியில் வாழலாமே என்று பிறர் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார் என்று ரஹ்மான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கருவிகள் மகனுக்கு என்று வைத்திருந்தார். பண்ணைப்புரத்தில் இன்னொரு அம்மா, சின்னத்தாய், பிள்ளைகள் சென்னைக்குக் கிளம்ப வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். பிள்ளைகளில் ஒருவர் இளையராஜா. ஒருவர் வைத்துக்கொண்டார், ஒருவர் விற்றார். இருவருக்கும் தங்கள் கையில் இருப்பது என்ன, அது யாருக்கு என்று தெரிந்திருந்தது. நான் விளம்பரத்துக்காக அந்தக் கிட்டாரை ஐந்து கோணத்தில் படமெடுத்தேன். இது உங்களுக்கு என்னவாக இருந்தது என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கேட்டது அனுமதி. வீட்டில் யாரும் வாசிப்பதில்லை என்று எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னால் 'என்ன செய்துவிட்டேன்' என்று இரங்கவைக்கும் காரியத்தைச் செய்யாதே என்று ஒன்று வருகிறது, 655. செய்துவிட்டால்? அங்கே உரைகள் பிரிகின்றன. செய்தபின் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதே என்கிறார் பரிமேலழகர். அதுபோன்றதை மறுபடி செய்யாதே என்கிறார் மு.வ. எனக்குப் பரிமேலழகர்தான் வசதி. ஆகவே அவரைக் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன்.

மூன்று மாதம் முன்பு கேரசெல்லில் அந்தப் பழைய உரையாடலைத் தேடி எடுத்து, வாங்கியவருக்குச் செய்தி அனுப்பினேன். அப்பாவுடைய கிட்டார் அது, திரும்ப வாங்கிக்கொள்ளலாமா, என்ன விலையானாலும் பரவாயில்லை என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் கிட்டார் குழுவில் இருக்கிறாள், வீட்டில் பழகுவது இன்னும் இதில்தான், பாலம் பெயர்ந்து ஒட்டியிருக்கிறது. உங்கள் அப்பாவுடையது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம்.

மனிதர் இவ்வளவு நல்லவராக இருந்திருக்கவேண்டாம். அப்பாவிடம் ஃபோனைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"அந்தப் புள்ள வாசிக்குதா?"

"வாசிக்குதாம்."

"அந்தப் புள்ளைட்ட கேட்டியா, அவங்க அப்பாட்ட கேட்டியா?"

நான் பதில் சொல்லவில்லை. கேட்டது அவள் அப்பாவிடம்தான், மறுபடியும்.

வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதி நன்றி சொன்னேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. உரையாடலை இன்னும் அழிக்கவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பா என் அறைக்கு வந்து என் எலக்ட்ரிக் கிட்டாரை எடுக்கிறார். கம்பி ரொம்ப மெல்லிசு, விரலுக்குத் தட்டுப்படவே மாட்டேங்குது என்று குறைசொல்கிறார். ஆம்ப்பைப் போடவா என்றால் வேண்டாம் என்கிறார். கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கிறது.