நூலும் நாவும்

நல்ல நூல்களைத் தேடிப் படிக்கும் நண்பர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடி, படித்ததைப் பற்றி உரையாடுவது சிறந்த பொழுதுபோக்கு என்று உலகத்தார் கூறுவர். முஸ்லிமுக்கோ அது பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. நிய்யத்து சீராக இருந்தால் அது இபாதத்தாகிறது. நாவு தவறினால் பாவமாகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை எது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

கூடியிருந்து ஓதுவதும் பயில்வதும் நமது மார்க்கத்தில் வேரூன்றிய வழக்கம். ரமலானின் ஒவ்வோர் இரவிலும் ஹஜ்ரத் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் குர்ஆனை ஓதிப் பயின்றதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வஹீயைக் கொண்டு வந்தவரும் அதைப் பெற்றவருமே கூடியிருந்து ஓதினார்கள் என்றால், நம் போன்றோர் தனியே படித்ததே போதுமென்று இருந்துவிடலாமா? அரபி மதரஸாக்களில் பாடத்துக்கு முன் முதாலஆவும், பாடத்துக்குப் பின் மாணவர்கள் தமக்குள் தக்ராரும் செய்வது இக்காரணத்தால்தான். தனியே படிக்கும்போது விளங்கிவிட்டதாகத் தோன்றிய ஒரு விஷயம், பக்கத்திலிருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் விளங்கவில்லை என்று தெரிந்துவிடும். கூடிப் படிப்பதன் பெரும் பயன் இதுவே.

ஆயினும் பள்ளிவாசலின் ஹவுள் ஓரத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ ஒரு நூலைப் பற்றிப் பேசும் சபையில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் இருப்பதில்லை. அவர்தாம் அந்நூலின் ஆசிரியர். நாம் அவரைப் பற்றி என்ன சொன்னாலும் "நான் அப்படி எழுதவில்லையே!" என்று மறுக்க அவர் வரப்போவதில்லை. ஒரு சகோதரனைப் பற்றி அவன் வெறுப்பதை அவன் இல்லாதபோது பேசுவது புறம் என்றும், அவனிடம் இல்லாததைச் சொல்வது அவதூறு என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் இதை அஞ்சி நடக்கும் நாம், நூலாசிரியர் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்து விடுகிறோம்? முன்னும் பின்னும் விட்டுவிட்டு நடுவில் ஒரு வரியை எடுத்துக் காட்டி, "பார்த்தீர்களா, இவருடைய கொள்கையை!" என்று சொல்வது அவதூறுக்கு வெகு தூரத்திலா இருக்கிறது?

"அப்படியானால் பிழையைப் பிழை என்றே சொல்லக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். ஹதீஸ்கலை மேதைகள் அறிவிப்பாளர்களின் குறைகளை ஒளிக்காமல் எழுதி வைத்திராவிட்டால் மார்க்கத்தில் பொய் கலந்திருக்கும். மக்களை எச்சரிக்கும் தேவைக்காகப் பிறர் குறையைக் கூறலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் எழுதியுள்ளார்கள். ஆனால் தேவை என்ற வாசல் தேவையளவே திறந்திருக்கிறது. ருசிக்காகப் பேசுவோர் அதன் வழியே நுழைய முடியாது.

இதற்கு ஒரு நூலின் சரித்திரமே நமக்குப் பாடமாக இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவு உலூமித்தீன், ஹிஜ்ரி 503-ல் (கி.பி. 1109) ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் ஆட்சியாளர் உத்தரவால் எரிக்கப்பட்டது. இமாமவர்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால் வெகு தூரத்தில், கிழக்கே குராசானில் இருந்தார்கள். அதே நூலைப் பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்களும் படித்தார்கள். அதிலுள்ள பலவீனமான ஹதீஸ்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டித்ததோடு நில்லாமல், குறைகளை நீக்கி அந்நூலைச் சுருக்கி 'மின்ஹாஜுல் காஸிதீன்' என்ற நூலாகத் தந்தார்கள். பின்னர் ஹாபிழ் இராக்கி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் ஹதீஸ்களை ஒவ்வொன்றாகத் தேடி, இது சரியானது, இது பலவீனமானது, இதற்கு ஆதாரமில்லை என்று குறித்து வைத்தார்கள்.

நூல் ஒன்றுதான், அதன் குறையைக் கண்டவர்கள் நடந்துகொண்ட முறைதான் வேறு வேறு. குர்துபாவில் மூட்டிய தீ என்றோ அணைந்துவிட்டது. இராக்கி அவர்களின் குறிப்புகளோ இன்றும் இஹ்யாவின் பக்கங்களில் கூடவே அச்சாகி வருகின்றன. நீதியோடு செய்யும் விமர்சனம், படிப்பவருக்கு மட்டுமின்றி எழுதியவருக்கும் செய்யும் உதவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கஸ்ஸாலி இமாமவர்களே பிறரைக் கண்டிக்கும்போது இந்நீதியைப் பேணினார்கள். தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன் ஏறக்குறைய இரண்டாண்டுகள் அவர்களுடைய நூல்களைப் படித்து, மேலும் ஓராண்டளவு அவற்றைத் திரும்பத் திரும்பச் சிந்தித்ததாக அவர்களே எழுதுகிறார்கள். நாமோ இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதி விடுகிறோம்! உண்மையைத் தேடி விவாதிப்பவர், காணாமற்போன பொருளைத் தேடுபவரைப் போல் இருக்க வேண்டும் என்பதும் இஹ்யாவில் அவர்கள் கூறும் உவமை. பொருள் தன் கையில் கிடைத்தாலென்ன, கூடத் தேடியவர் கையில் கிடைத்தாலென்ன? கிடைத்ததே என்று மகிழ்வதுதானே முறை!

இந்த மனம் இல்லாததால்தான் சில ஊர்களில் ஒரு நூலின் ஒரு பக்கத்துக்காக நண்பர்களிடையே ஸலாமும் நின்று போகிறது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தம் மாணவர் யூனுஸ் என்பாருடன் ஒரு மஸ்அலாவில் விவாதித்துப் பிரிந்தார்கள். மறுபடி சந்தித்தபோது அவர் கையைப் பற்றி, ஒரு விஷயத்தில் ஒத்துப் போகாவிட்டாலும் நாம் சகோதரர்களாய் இருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். விவாதத்தில் தோற்றாலும் வென்றாலும் அந்தக் கை நம்மிடம் நீள வேண்டும்.

ஆகவே அன்புச் சகோதர சகோதரிகளே! நண்பர்களோடும், இரவு உணவுக்குப் பின் வீட்டில் பிள்ளைகளோடும் நூல்களைப் படித்துப் பேசுங்கள். முழுதும் படிக்காத நூலுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆசிரியரின் கருத்தை, அவர் கேட்டால் "ஆம், நான் சொன்னது இதுவே" என்று ஒப்பும்படி முதலில் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு மறுப்பிருந்தால் மறுங்கள். எழுத்தைப் பற்றிப் பேசுங்கள். எழுதியவரின் உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். விளங்காததை ஆலிம்களிடம் கேளுங்கள். "தெரியாது" என்று சொல்லப் பிள்ளைகளுக்கு நீங்களே முன்மாதிரியாகுங்கள்.

இன்று நம் சபைக்கு வர இயலாத அந்த ஆசிரியர், நாளை மறுமையின் சபையில் நம் எதிரே நிற்பார். அன்று அவர் நம்மீது வழக்குத் தொடுக்காதபடி நம் நாவைப் பேணிக்கொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.