தைரியம் யாருடைய கணக்கில்?

2020 மார்ச் 17 இல் பிரான்ஸ் முடக்கப்பட்டபோது லாச்சப்பல் வீதிகளும் வெறிச்சோடின. ஒற்றை அறையில் தனித்திருந்த எம்மவருக்கு, "மனதைத் தைரியமாக வைத்திருங்கோ, நோய் அண்டாது" என்றோம். இது அரை உண்மை.

1997 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 276 பேரின் மூக்கில் தடிமன் கிருமி விடப்பட்டது. பலவகை உறவுகள் உடையோரில் குறைவானோருக்கே தடிமன் பிடித்தது. ஆனால் கொரோனா தைரியசாலிகளையும் கொண்டுபோனது. இறந்தவர் மனந்தளர்ந்ததால் இறந்தார் என்பது அநியாயம்.

தைரியம் உறவுகள் தருவது. தனித்தவரிடம் அதைக் கேட்பது, வெறுங்கணக்கில் காசெடுக்கச் சொல்வது போன்றது. வரவு வைக்க வேண்டியவர்கள் நாங்களே. மே 11 வரையான அந்த 55 நாட்களில் எத்தனை பேருக்குத் தொலைபேசி எடுத்தேன்? கணக்காளனான என் ஐந்தொகையே சமப்படவில்லை. நீங்களும் பார்ப்பீர்களாக.